முனியாண்டி அறையின் காற்று

முதல் இருமல் எனக்குத் தொழிற்சாலையில்தான் வந்தது. கூலிம் ஹைடெக் பூங்காவில் மின்னணுச் சில்லுகள் செய்யும் இடம் ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். அங்கே தூய அறை (தூசி புகாதபடி காற்றை வடிகட்டி வைத்திருக்கும் கூடம்) உண்டு. உள்ளே போக வேண்டுமானால் தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கையுறை, முகக்கவசம். புதிதாக வருபவர்கள் இதெல்லாம் நம்மைக் காப்பாற்ற என்று நினைப்பார்கள். நம் மூச்சும் பொடுகும் படாமல் சில்லைக் காப்பாற்றத்தான் அத்தனையும். அங்கே தூசி என்றால் நாங்கள்தான்.

அந்த உடைக்குள் இருமுவது பெரிய வேதனை. வெளியே ஓடவும் முடியாது, கவசத்தைக் கழற்றவும் முடியாது. அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகக் குனிந்து நின்றேன். மேற்பார்வையாளர் பெண் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். ஏதோ சளி என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

காய்ச்சல் போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும், விடிந்தால் படுக்கை நனைந்திருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பீடோங்கில் உள்ள கிளினிக்கில் இரண்டு தடவை ஊசி போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை அந்த டாக்டரே பயந்துபோய் என்னைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்.

எக்ஸ்ரேயில் என் இரண்டு நுரையீரலிலும் கசகசாவைத் தூவிவிட்டது போலப் புள்ளிகள். காசநோயாக இருக்கலாம் என்றார்கள். சளியில் கிருமி தெரியவில்லை, ஆனால் படம் அப்படித்தான் இருக்கிறது, காத்திருக்க நேரமில்லை என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும்.

தனியறையில் போட்டார்கள். சன்னல் திறக்காது. கதவு எப்போதும் சாத்தியே இருக்கும், மிஸ்ஸி (நர்ஸ்) உள்ளே வரும்போது மட்டும் திறந்து உடனே மூடிக்கொள்ளும். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. என் கணவர் குமார் கவசம் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வந்து கட்டில் காலடியில் நிற்பார். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் மனுஷன், எதையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். என்னைப் பார்த்தால் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

அந்த அறையில் எனக்கு நோயைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. வெளியே என் சொந்தக்காரர்கள் எல்லாரும் என் நோய்க்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்கள். சாபம்.

அதற்குக் காரணம் இதுதான். நான் பிறந்து வளர்ந்த தோட்டம் பீடோங்குக்கு உள்ளே இருக்கிறது. ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள், பிறகு அதையும் அழித்து வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மக்கள் எப்போதோ தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும்தான் மிச்சம். ரோட்டோரமாகக் கொஞ்சம் நிலம் தருகிறோம், சாமியை அங்கே கொண்டுபோங்கள் என்றார்கள் நிலத்தை வாங்கியவர்கள். கோயில் தலைவர் என் சொந்த அண்ணன் தர்மலிங்கம். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், இப்போது குருணில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவலாளி) வேலை பார்க்கிறார். அப்பா அம்மா போனபின் எனக்கு எல்லாம் அவர்தான்.

முனியாண்டி சன்னதிக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. சாமியின் மரக்குதிரை, வேல், அரிவாள், சங்கிலி எல்லாம் அதில்தான் இருந்தன. தோட்டத்து ஜனங்கள் கலைந்ததிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. எனக்கு இருமல் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அந்தச் சாமான்களைப் புது இடத்துக்கு மாற்றப் போனோம். பூட்டு துருப்பிடித்திருந்ததால் உடைத்துத்தான் திறந்தோம். கண் எரிகிற மாதிரி ஒரு நெடி அடித்தது. தரையெல்லாம் கறுப்பாகத் தூள், புட்டு மாவு போல மெத்தென்று கால் புதைந்தது. கூரை இருட்டில் ஏதோ படபடத்தது.

நான் கைப்பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டினேன். வேலைப் பழக்கம், தூசி என்றால் கை தானாகப் போகும். அண்ணனும் தோளில் கிடந்த துண்டை மூக்கில் சுற்றியிருந்தார். வாசற்படியில் கால் வைத்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அடி, சாமி முன்னால மூஞ்சிய மூடிக்கிட்டா நிப்பே? நீ என்ன திருடியா? கழட்டு."

சொல்லிவிட்டுத் தன் துண்டையும் அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் சாமிக்கு முன்னால் ஆண்கள் துண்டைத் தோளில் போட மாட்டார்கள், இடுப்பில்தான் கட்டுவார்கள். முகத்தை மறைக்கிற பேச்சே இல்லை. நானும் கழற்றினேன். சில்லுக்குக் கொடுக்கிற மரியாதையைச் சாமிக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

மற்றவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். நானும் அண்ணனும்தான் உள்ளேயே நின்று அத்தனையையும் கூட்டி அள்ளினோம். தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. புகை மாதிரி எழும்பியது. வெளியே வந்தபோது இரண்டு பேரும் கரிமூட்டை தூக்கியவர்கள் போல இருந்தோம், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அதற்கடுத்த வாரங்களில் சாமான் தூக்கிய சிலருக்குக் காய்ச்சல் வந்து போனது. எனக்கு வந்தது போகவில்லை. போதாதா? முனியாண்டி அறையை நேரம் பார்க்காமல் திறந்தது, பூட்டை உடைத்தது, பொம்பளை உள்ளே போனது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அண்ணி ஒரு கறுப்புக் கயிறு மந்திரித்துக் கொடுத்தனுப்பினார். குமார் அதை என் கையில் கட்டிவிட்டார். நம்புகிறாயா என்று கேட்டால், தெரியாது. மூச்சு முட்டும்போது எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் மனசு தேடும்.

மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கவில்லை. மூக்கில் பிராணவாயுக் குழாய் வந்தது. நுரையீரல் மருத்துவர் ஒருவரை அழைத்தார்கள். டாக்டர் செல்வி, என் வயதுக்குக் கொஞ்சம் இளையவர். அவர் வருவதற்கு முன்பே பலர் என்னிடம் கேட்டிருந்தார்கள். குகைக்குப் போனீர்களா? கோழிப்பண்ணையில் வேலை செய்தீர்களா? இல்லை, இல்லை என்றுதான் சொன்னேன். பொய் இல்லை. கோயிலைப் போய் யாராவது குகை என்று சொல்வார்களா?

டாக்டர் செல்வி நாடி பார்க்கக் கையைப் பிடித்தார்.

"இது என்ன கயிறுக்கா?"

"அண்ணி கட்டச் சொன்னாங்க டாக்டர். சாபத்துக்கு."

"என்ன சாபம்?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு ஒரு வாக்கியம் பேசினால் ஒரு தடவை இளைக்கும். அப்படியே விட்டு விட்டு முழுவதையும் சொன்னேன்.

"தரையில கறுப்பாத் தூளுன்னு சொன்னீங்களே. மேல வௌவால் இருந்துச்சா?"

"ஏதோ படபடன்னு அடிச்சிச்சி. வௌவாலாத்தான் இருக்கும்."

"அக்கா, இத முதல்லயே யாரும் உங்ககிட்ட கேக்கலியா?"

"குகைன்னுதான் கேட்டாங்க லா!"

மறுநாள் என் நுரையீரலுக்குள் சிறு கேமராக் குழாயை விட்டு, கொஞ்சம் சதை கிள்ளி எடுத்தார்கள். அதில் பூஞ்சை இருந்தது. ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் (வௌவால், பறவை எச்சம் கலந்த மண்ணில் வளரும் பூஞ்சையின் நுண்வித்துகளைச் சுவாசிப்பதால் வரும் நோய்) என்று பெயர். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. முடிவு வந்த அன்றே தனியறைக் கதவைத் திறந்து வைத்தார்கள். நடைவழியில் யாரோ தட்டு கீழே போட்ட சத்தம் கேட்டது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

மருந்து சாதாரணமானது இல்லை. ஆம்போடெரிசின் (கடுமையான பூஞ்சை நோய்க்கு நரம்பு வழியே ஏற்றும் மருந்து) ஏறும்போது கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம் வரும். சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அப்படி நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் டாக்டர் எனக்கு எகிப்துக் கதை சொன்னார்.

பழைய ராஜாவின் கல்லறையைத் திறந்தார்கள், திறந்தவர்களைச் சாபம் கொன்றது என்ற கதை எனக்கும் தெரியும். டிவியில் எத்தனை படம் பார்த்திருக்கிறோம்! அதற்குப் பணம் போட்ட பிரபு ஒருவர் சீக்கிரமே இறந்துபோனார் என்பது உண்மைதானாம். கொசு கடித்த இடத்தைச் சவரம் செய்யும்போது கீறிக்கொண்டு, ரத்தத்தில் விஷம் ஏறி, சளிக்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அவர் முன்பிருந்தே உடம்பு சரியில்லாதவர். மூடிய கல்லறைக்குள் படைத்த தானியம், ரொட்டி, பழம் எல்லாம் பூஞ்சை பிடித்திருக்கும். வௌவால் அடைந்த கல்லறைகளும் உண்டு. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா நெடியே கண்ணையும் மூச்சையும் எரிக்கும். அதனால் பூஞ்சைதான் சாபம் என்று சிலர் சொல்கிறார்கள்.

"அப்ப அதுதான் உண்மையா டாக்டர்?"

"நிரூபிக்க முடியாதுக்கா. உள்ள போன நெறைய பேரு ரொம்ப வருஷம் நல்லாத்தான் இருந்தாங்க. உயிரோட இருந்தவங்கள பேப்பர்ல போட மாட்டாங்க இல்ல? ஆனா உங்க சாமி ரூமு எகிப்து இல்ல. உங்களுக்கு என்னன்னு நான் மைக்ராஸ்கோப்புல பாத்துட்டேன்."

பிறகு கேட்டார். "உங்ககூட அந்த ரூம்ல ரொம்ப நேரம் இருந்தது யாரு?"

எனக்கு அந்த நடுக்கத்திலும் அண்ணன் முகம்தான் கண்முன் வந்தது. அண்ணன் என்னைப் பார்க்க ஒரு தடவைகூட வரவில்லை. சாபம் பிடித்தவளைப் பார்க்கத் தயங்குகிறார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். உடனே அண்ணிக்குப் போன் போட்டேன். அண்ணி அழுதுவிட்டார்.

"அவருக்கும் இருமலுதாம்மா. ராத்திரியெல்லாம் வேர்த்து ஊத்துது. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டாரு."

அண்ணனுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. அப்படிப்பட்டவர்களை இந்தப் பூஞ்சை லேசில் விடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குமார் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டார். எனக்கு ஒன்றுமில்லை, நீ போ என்று அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். நான் கட்டிலில், கையில் ஊசி, எழுந்தால் தலை சுற்றும். என் அண்ணன் செத்துக்கொண்டிருக்கிறார், எனக்குக் காரணம் தெரியும், போக முடியவில்லை. தனியறையில்கூட நான் அப்படி அடைபட்டுக் கிடந்ததில்லை.

ஊசி முடிந்து மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு, குமாரிடம் காடியை நேராகக் குருணுக்கு, அண்ணன் வீட்டுக்கு ஓட்டச் சொன்னேன். அண்ணன் கூடத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"வௌவால்னு சொன்னாங்களாமே."

"ஆமாண்ணே."

"சாபம் இல்லியா?"

"இல்லண்ணே. காத்துல இருந்த பூஞ்சை."

இருமி முடித்துவிட்டுச் சொன்னார். "சாபம்னா சாமி கோவம்மா. கால்ல வுழுந்து கெஞ்சிக்கலாம். காத்துன்னா? கழட்டுன்னு சொன்னது நான்தானே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் எல்லாருக்கும் சாபம் பயமாக இருந்தது, அவருக்கு மட்டும் அது ஆறுதலாக இருந்திருக்கிறது. மருத்துவமனைக்கு வந்தால் டாக்டர் வாயால் அது இல்லை என்று கேட்க வேண்டும். அதற்குப் பயந்து வீட்டிலேயே சாகத் துணிந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"ஆமா, நீங்கதான் சொன்னீங்க. நான்தான் கழட்டுனேன். எனக்கு அறிவில்ல? நான் மொகத்த மூடித்தானே சம்பாதிக்கிறேன்? உங்கமேல எனக்குக் கோவம் இருக்கு. உயிரோட இருந்து திட்டு வாங்குங்க. செத்துப்போயிட்டா நான் யார திட்டுறது? எந்திரிங்க!"

பேசி முடிப்பதற்குள் மூச்சு இழுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் பதறிப்போய் எழுந்தார். என்னைத் தூக்கத்தான் எழுந்தார். எழுந்தவரைக் குமார் அப்படியே பிடித்துக் காடியில் ஏற்றிவிட்டார்.

அண்ணன் பிழைத்தார். என்னைவிட அதிக நாள் படுக்கையில் கிடந்தார். இப்போதும் கொஞ்சம் நடந்தால் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய அறிவுரை இல்லை. டாக்டர் கேட்கிறாரோ இல்லையோ, திறந்த பழைய ஸ்டோர், ஏறிய கூரை, கூட்டிய கோயில் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற கயிற்றையும் காட்டிவிடுங்கள். மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு விழுங்குங்கள். அது மாதக்கணக்கில் போகும், சலிப்பாக இருக்கும்.

என் உடம்பு முன்பு எனக்குத் தெரியாமலேயே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு மூச்சும் உள்ளே போவது எனக்குத் தெரிகிறது. சுவரில் கடிகாரம் இருக்கிறது, ஆனால் மாடிப்படியில் எத்தனை இடத்தில் நிற்கிறேன் என்பதை வைத்துத்தான் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வித்தியாசம் பார்க்கிறேன். தூய அறைக்குத் திரும்பிவிட்டேன். உடையை மாட்டும்போது இதில் கொஞ்சம் எனக்காகவும் இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ரோட்டோரப் புதுக் கோயிலில் முனியாண்டிக்குப் படையல். சாம்பிராணிப் புகை எனக்கு இன்னும் ஆகாது, கவசம் போட்டுக்கொண்டுதான் போனேன். பூசாரி வெளியூர்க்காரர். தட்டை நீட்டியவர் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"அம்மா, சாமி முன்னால அத கழட்டிருங்க."

பழக்கம், கை காதுக்குப் போய்விட்டது. முன்னால் அண்ணன் நின்றிருந்தார், துண்டு இடுப்பில், முகத்தில் நான் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கவசம். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

"இருக்கட்டும் சாமி. அவ மூஞ்சி முனியாண்டிக்குத் தெரியும்."

பூசாரி என் நெற்றியில் திருநீறு வைத்தார். கவசத்துக்குள் என் மூச்சு சூடாகப் போய்வந்துகொண்டிருந்தது.