அஸ்திவாரம் குடித்த தண்ணீர்

எர்ணாவூர் ஞானபாக்கியத்துக்குக் கான்கிரீட்டைக் காயவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. எண்ணூர்ப் பக்கம் ஒரு ஆலையில் பெரிய இயந்திரத்துக்காக ஆள் உயர அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கனத்தையும் ஒரே மூச்சில் கொட்டினால் உள்ளே சூடு ஏறிவிடும் என்று அடுக்கடுக்காகப் போட்டார்கள். கீழ் அடுக்கு முன்னாடியே காய்ந்து சுருங்கிவிட்டால், மேல் அடுக்கு சுருங்கும்போது அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த இழுபறியில் விரிசல் விழும். அதனால் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், பலகை பிரித்த பக்கங்களில் ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். அதுவும் உப்புத் தண்ணீர் ஆகாது, உள்ளே கம்பி துருப்பிடிக்கும். லாரியில் வந்து இறங்கியது நல்ல குடிதண்ணீர்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடை அது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. இந்தச் சிமெண்டு முண்டம் மட்டும் வயிறு முட்டக் குடித்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு மதியம் பக்கத்து வீட்டுப் பூவம்மா ஆலை கேட்டில் வந்து நின்றாள். அவள் மகள் ஷாலுவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

"ஒரு கொடம் குடு பாக்கியம். கொயந்தைக்குச் சுடுதண்ணி வெக்கக்கூட வூட்ல சொட்டு இல்ல."

ஞானபாக்கியம் வாய் திறப்பதற்குள் சூப்பர்வைசர் சுப்புராயன் வந்துவிட்டார். விரிசல் விழுந்தால் முதலில் போவது தன் வேலைதான் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

"யாரும்மா இவங்க? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"யாருன்னே தெரியாது சார்" என்றாள்.

பூவம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வருஷக்கணக்காகக் குடியிருப்பவர்கள். அதன் பிறகு அந்த வாசலை ஞானபாக்கியம் தலைகுனிந்துதான் கடந்தாள்.

கடைசி அடுக்கும் இறுகியது. சாக்கை விலக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். முடி அளவு விரிசல்கூட இல்லை. சுப்புராயன் எல்லார் எதிரிலும் அவளைப் பாராட்டினார். மீந்த தண்ணீரில் ஒரு குடம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

"அன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்களே, உனக்கு வேண்டியவங்கன்னா ஒரு குடம் குடுத்து அனுப்பலாம்னுதான் கேட்டேன். நீ தெரியாதுன்னுட்ட."

ஞானபாக்கியம் குடத்தை நேராகப் பூவம்மா வீட்டில் கொண்டுபோய் இறக்கினாள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனாள்.

"இதுக்கு ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற?" என்றாள் பூவம்மா. "அந்தாளு எதுர்ல நிக்கசொல்ல நீ இன்னா பண்ணுவ? ஒரு சொட்டு குட்த்தா உன்ன வேலைய வுட்டுத் தூக்கிட மாட்டான்?"

ஞானபாக்கியம் தரையைப் பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "பொல்லாத ஆளு அவன்."