ஆண்டவருக்கு எழுதிய அலுமாரிக் கடிதம்

நான் வேலை பார்த்த திணைக்களத்தில் ஒரு விதி இருந்தது. ஒரே விடயம் தொடர்பாக ஒரே விண்ணப்பதாரி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கோரிக்கைகளைச் சமர்ப்பித்தால், இரண்டையும் பரிசீலனைக்கு எடுக்கக் கூடாது. விண்ணப்பதாரியை அழைத்து, தனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும்.

நல்ல விதி. பதவியில் இருந்த காலத்தில் நான் அதைச் சற்றுக் கொடூரமாகவே அமல்படுத்தியிருக்கிறேன். ஆகவே ஓய்வு பெற்ற பின் எட்டு மாதங்களாக நானே ஆண்டவரிடம் தினமும் இரண்டு முரண்பட்ட கோரிக்கைகளைச் சமர்ப்பித்து வந்தபோது, அவர் என்னை அழைத்து விசாரிக்காதது எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. மேலிடத்தில் நிர்வாகம் தளர்ந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

விடயம் இதுதான். எங்களுக்கு ஒரே மகள். பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நியூசிலாந்தில் நிரந்தரமாகக் குடியிருக்க விண்ணப்பித்திருந்தாள். இந்த நாட்டில் இன்று அது ஒரு செய்தியே அல்ல. எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ண ஒரு கை போதும்.

மாலையில் செபமாலை சொல்வோம். என் மனைவி ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை, நடத்துவது அவர்தான். தொடங்குமுன் கருத்தைச் சொல்வார்: "மகளோட விசா தடையில்லாமக் கிடைக்கணும்." நான் உரத்த குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பேன். என் குரல் நல்ல குரல். அடுத்த வீட்டாரும் கேட்டு நம்பியிருப்பார்கள்.

மறுநாள் காலை பேக்கரியில் பாண் வாங்கக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே நடந்து போவேன். ஆற்றைப் பார்த்தபடி, வாய் அசையாமல், இரண்டாவது கோரிக்கையைச் சமர்ப்பிப்பேன்: "நேற்று மாலை சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

இப்படியே காலம் போயிருக்கும். கெடுத்தது என் எழுத்துத் திறமைதான்.

நகரத்தில் நாங்கள் போகும் கோவிலில் புதன்கிழமை தோறும் மாதா நவநாள் நடக்கும். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். மக்கள் மன்றாட்டுக் கடிதங்களை எழுதிப் போடுவார்கள். அவற்றில் நாலைந்தை ஃபாதர் பெயர் சொல்லாமல் வாசிப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை மனைவி என் முன்னால் ஒரு கடதாசியை வைத்தார்.

"பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுவோம். நீங்களே எழுதுங்க. காலம் பூரா ஊருக்கெல்லாம் எழுதினீங்களே."

எழுதினேன். பிரதியும் எடுத்துக்கொண்டேன், பிரதி இல்லாத கடிதம் எழுதப்படாத கடிதம். இதோ:

"என் மகளின் வெளிநாட்டு வதிவிட விண்ணப்பம் தொடர்பானது. மேற்படி விடயத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். சகல அம்சங்களையும் கருத்திற்கொண்டு, உரிய காலத்தில், பொருத்தமான நடவடிக்கை எடுக்கப்படுமாயின் நன்றியுடையவனாவேன்."

அரச சேவையில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் நாங்கள் "உடனடியாக" என்று எழுதுவோம். நடக்கவே கூடாது, ஆனால் நாம் தடுத்ததாகவும் தெரியக் கூடாது என்றால், மேற்கண்டவாறு எழுதுவோம். வாசிப்பவருக்கு அது சிபாரிசு. விடயம் அறிந்தவருக்கு அது தாலாட்டு. அந்த வாசகத்துடன் போகும் கோவை, அதாவது பைல், நடைபாதைக் கடைசியில் இருந்த ஒரு பெரிய மர அலுமாரிக்குள் போய்ப் படுத்துவிடும். நான் ஓய்வு பெற்ற நாளில்கூட அங்கே பல கோவைகள் அமைதியாக நித்திரை செய்துகொண்டிருந்தன.

சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் திட்டமிட்டு எழுதவில்லை. கை தானாக எழுதியது. அதனால் குற்றம் குறைகிறதா என்று ஃபாதர்மார்தான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை ஃபாதர் முதலாவதாக என் கடிதத்தையே எடுத்தார். "கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு தந்தை எழுதுகிறார்" என்று தொடங்கி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முன்வரிசைப் பெண்கள் தலையசைத்தார்கள். மனைவி பெருமையோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பின்னால் எங்கேயோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது இருமியவர் காத்திருந்தார். எங்கள் அலுவலகத்தில் பியோனாக இருந்தவர். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்; இப்போது கம்பளையில் வீடு. நவநாளுக்கு பஸ் ஏறி வருவார்.

"சேர், சொகமா? டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றவர், என் பக்கம் குனிந்து, "மக பைல் அலுமாரிக்குப் போகுது போல" என்றார்.

"என்ன அலுமாரி?"

"நம்ம அலுமாரிதான் சேர். சகல அம்சங்களையும் கருத்திற்கொண்டுன்னு ஃபாதர் வாசிச்சதுமே எனக்குத் தெரிஞ்சி போச்சி. எத்தன பைல இந்தக் கையால தூக்கிட்டுப் போயிருப்பேன்! சாவி கூட என்கிட்டத்தான இருந்திச்சி."

"என்னாங்க அது?" என்று கேட்டார் மனைவி. அவர் காது எப்போதும் நல்ல காது.

"ஒண்ணுமில்ல டீச்சர், சும்மா தமாசு" என்று பியோன் பின்வாங்கப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்ற ஒருவரிடம் அது பலிக்குமா? இரண்டே கேள்விகளில் அலுமாரியின் முழு வரலாறும் வெளியே வந்துவிட்டது.

மனைவி செருப்பு மாட்டப் போனார். பியோனுக்குப் பாவமாகிவிட்டது.

"மன்னிச்சிக்கங்க சேர். எம் மகன் டுபாய்க்குப் போறப்ப நானும் இதே மாதிரிதான். ஆனா எனக்கு இப்படியெல்லாம் எழுத வராது. நேராவே கேட்டுட்டேன். போக விட்டுறாத சாமின்னு."

"பிறகு?"

"போய்ட்டான். ரெண்டு மாசம் சாமியோட நல்லாச் சண்ட போட்டேன் சேர். இப்ப நாங்க ரெண்டு பேரும் நல்ல மாதிரி."

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி, "பிரதியக் கொண்டு வாங்க" என்றார். பிரதி இல்லை என்று சொல்ல வழியில்லை, என்னோடு வாழ்ந்தவர். சிவப்புப் பேனையை எடுத்து 'உரிய காலத்தில்' என்பதன் கீழ் ஒரு கோடு போட்டார். 'பொருத்தமான' என்பதன் கீழ் இரண்டு.

"ஆண்டவர் என்ன, உங்களுக்குக் கீழ வேலை செஞ்ச கிளாக்கரா?"

"இல்ல..."

"அந்தப் பியோனுக்கே விளங்கிருச்சி. அவருக்கு விளங்காதா?"

நான் கதிரையில் உட்கார்ந்தேன். எட்டு மாதமாக ஆற்றோரம் சொல்லி வந்ததையும் ஒப்புக்கொண்டேன். மனைவி சிவப்புப் பேனையை மூடி வைத்தார்.

"நீங்க வேணாம்னு கேட்டது கூட எனக்குக் கோவமில்ல. கேக்காத மாதிரிக் கேட்டீங்க பாருங்க, அதுதான்."

அப்போது மகள் வேலை முடிந்து வந்தாள். மேசையில் கிடந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, அப்பாவுக்கு எத்தன மார்க்ஸ்?" என்றாள்.

இதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. "நீ போறது எனக்கு விருப்பமில்ல" என்றேன். அத்தனை வருட சேவையில் நான் சொன்ன மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"தெரியும் அப்பா."

"எப்பிடித் தெரியும்?"

"என்னோட விசா ஃபோம் எல்லாத்தையும் மூனு தரம் செக் பண்ணினீங்க. ஒரு பிழையும் இல்லன்னதும் உங்க மொகம் போன போக்கு!"

தாயும் மகளும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மகள் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா நீ நின்னுடுவியோன்னு பயம்." அது பாதி உண்மை. மீதியையும் சொன்னேன். "சொல்லியும் போயிடுவியோன்னு அதவிடப் பயம்."

அவள் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தன் மேற்சட்டையின் நுனியால் துடைத்து, திரும்பவும் மாட்டிவிட்டாள்.

"நான் போவேன் அப்பா. நீங்க சொன்னாலும் போவேன். அதனால இனி பயப்படாமச் சொல்லுங்க."

மனம் உடைந்திருக்க வேண்டும். உடைந்ததுதான். ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு சோறாக ருசித்தது.

அடுத்த நாள் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். அதற்கும் பிரதி உண்டு.

"ஆண்டவரே, எனது முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அது சரியான கடிதம் அல்ல. என் மகள் போவதை நான் விரும்பவில்லை. அவள் போக விரும்புகிறாள். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. என்ன வேண்டும் என்று மட்டும் தெரியும். அவள் இங்கேயே இருக்க வேண்டும். நீர் வேறு விதமாகத் தீர்மானித்தால், அதற்கு நான் சம்மதித்ததாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அதற்காக உம்மை விட்டு எங்கும் போய்விட மாட்டேன். போவதற்கும் இடம் இல்லை."

மனைவி வாசித்தார். எழுத்துப் பிழை தேடினார். பிறகு அதே சிவப்புப் பேனையால் கீழே எழுதினார்: "இவர் எழுதியிருப்பது உண்மை. ஆனால் பிள்ளை போக வேண்டும் என்பதே என் மன்றாட்டு. எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளும்."

"ஒரே கடிதத்தில் இரண்டு முரண்பட்ட கோரிக்கையா? செல்லாது" என்றேன்.

"ரெண்டு பேர், ரெண்டு கையெழுத்து. செல்லும்" என்றார். விதியை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. விதி ஒரே விண்ணப்பதாரியைப் பற்றித்தான் பேசுகிறது.

உறையின் மேல் 'அந்தரங்கம் – வாசிக்க வேண்டாம்' என்று எழுதினேன். புதன்கிழமை அதைப் பெட்டியில் போடும்போது பியோன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுவும் அலுமாரிக்கா சேர்?"

"இல்ல. நேரே மேசைக்கு."

அதன் பிறகு மாலையிலும் காலையிலும் ஒரே செபம்தான். செபமாலையில் மனைவி தன் கருத்தைச் சொல்லி முடித்ததும், "எனக்கு இன்னும் விருப்பமில்லை, ஆண்டவரே" என்று நானும் என் கருத்தைச் சொல்வேன். "பதிஞ்சாச்சு, இப்ப விசுவாச அறிக்கை" என்பார் மனைவி. மகள் சில நாட்களில் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். பாலத்தடியில் சொல்ல இரகசியம் ஒன்றும் மீதியில்லாததால், ஆற்றைச் சும்மா பார்க்கத் தொடங்கினேன். பாண் வாங்கி வரவும் முன்னைவிட நேரமாயிற்று. சில காலைகளில் ஆண்டவரிடம் கோபமாகத்தான் பேசினேன். அவரும் காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது. முன்பு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. முன்பு நான் அவரோடு பேசவில்லை, கடிதப் போக்குவரத்துத்தான் நடத்தினேன்.

ஒருநாள் காலை நாங்கள் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மகளின் தொலைபேசி ஒலித்தது. பார்த்தாள். வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"கெடச்சிருச்சி" என்றாள்.

மனைவி சிலுவை அடையாளம் போட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சந்தோசமில்ல" என்றேன். "ஆனா உனக்குச் சந்தோசம்னா, அத நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். தேநீர் நான் உடுத்தியிருந்த சாறத்தில் கொட்டியது. யாரும் கவனிக்கவில்லை.

என் ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அலுமாரியில் கிடக்கும் கோவைகளை யாரும் நிராகரிப்பதில்லை; அவற்றை யாரும் வாசிப்பதே இல்லை. என்னுடையதை ஆண்டவர் வாசித்திருக்கிறார். அன்று மாதாவின் பிறந்தநாள். இரண்டாவது கடிதத்தின் பிரதியை எடுத்து, உள்வரும் கடிதங்களுக்கு வழக்கமாகச் செய்வது போல வலது மூலையில் குறித்து வைத்தேன்:

பதில் கிடைத்தது – செப்டெம்பர் எட்டு.