லிஃப்ட் அண்ணி கழற்றிய டிஸ்க்

லிஃப்ட்டுகளின் பிரேக்கைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. பிடிமானத்தில் மயிரிழை சந்தேகம் வந்தாலும் ‘இயங்காது’ என்று அட்டையை மாட்டிவிட்டுப் படியிறங்கிவிடுவாள். பதினோராம் மாடிக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் மசியமாட்டாள். ‘லிஃப்ட் அண்ணி’ என்று அவளுக்குப் பெயர் வைத்தது நாத்தனார். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

நாத்தனார் வார நாட்களில் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் பைக் ஓட்டுவாள். ஒரே வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் என்றதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்த உறவுக்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம். இருவரும் சேர்ந்து பழைய 250 சிசி ரேஸ் பைக் ஒன்றை வாங்கிக் கார் நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். சண்டை வராமல் இல்லை. வந்தது முன்சக்கர பிரேக்கால்.

வாங்கும்போது முன்சக்கரத்தின் இருபக்கமும் பிரேக் பிடிக்கும் இரும்புத் தட்டு, அதாவது டிஸ்க், இருந்தது. முதல் வாரமே அண்ணி இடப்பக்க டிஸ்க்கையும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தாள். இரண்டு கிலோ நூறு கிராம்.

“இந்தப் பாரத்தை எதுக்குச் சுமக்கிற? ஒண்ணு போதும், வண்டி சட்டுனு திரும்பும்” என்றாள்.

“பாக்கறவங்க இன்னொண்ணு வாங்க வக்கில்லைன்னு நினைப்பாங்க அண்ணி.”

“உன் பின்னாடி வர்றவங்க அதைப் பாக்கறதுக்குள்ள நீ வளைவைத் தாண்டியிருப்ப.”

நாத்தனார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சின்ன டிராக்கில் ஓட்டிப் பார்த்தாள். நினைத்த மாத்திரத்தில் வண்டி வளைந்தது. அந்த மாதப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். அதன்பிறகு ஒற்றை டிஸ்க்கின் அருமையை, பல்வலியோடு வந்தவர்களிடம்கூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்தது பெரிய டிராக். அங்கே நேர்ப்பாதை ஒரு கிலோமீட்டருக்கு நீளும். சின்ன டிராக்கிலேயே அண்ணி டிஸ்க்கின் ஓரத்தில் சூட்டுக்கு நிறம் மாறும் பெயிண்ட் பூசியிருந்தாள். அது முக்கால்வாசி வெளுத்திருந்தது. வேகம் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். கணக்குப் போட்டுவிட்டு, முன்பு கழற்றி வைத்திருந்த டிஸ்க்கை எடுத்துத் துடைத்தாள்.

“ரெண்டையும் மாட்டிடலாம்.”

நாத்தனார் விடவில்லை. “நீங்கதானே ஒண்ணு போதும்னீங்க?”

“அது அந்த டிராக்குக்கு.”

“எனக்கு இப்பதான் கை பழகியிருக்கு. மாத்தினா ஓட்டமாட்டேன்.”

பேச்சு, பைக்கை ஏற்றிய வேனிலும் ஏறி, டிராக் வாசல்வரை வந்தது. அண்ணியின் வீட்டுக்காரர்தான் வேனை ஓட்டினார். அவர் மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல், போய்ச் சேர்ந்ததும் டயரில் காற்று பார்க்க இறங்கிவிட்டார். அண்ணிக்கும் அலுத்துவிட்டது. “சரி, பயிற்சிக்கு மட்டும் இப்படியே போ” என்றாள்.

முதல் ஐந்து சுற்றில் குறையே இல்லை. ஆறாவது சுற்றில் நேர்ப்பாதை முடியுமிடத்தில் நாத்தனார் பிரேக்கை அழுத்தினாள். சூட்டில் பிரேக் திரவம் கொதித்துப்போயிருந்தது; பிடி எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி வளைவை விட்டு நேராகச் சரளைக் கல்லுக்குள் பாய்ந்தது. சரளையில் சக்கரம் புதையப் புதைய வேகம் குறைந்து, வண்டி சாயாமல் நின்றது.

நாத்தனார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முதுகெல்லாம் புழுதி. திட்டு விழும் என்று தயாராகத்தான் வந்தாள். அண்ணி அவள் கையுறையைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

“எவனோ முன்பின் தெரியாதவன் ஏறுற லிஃப்ட்டுன்னா அட்டையை மாட்டியிருப்பேன். உன்னைத் தெரிஞ்சே விட்டுட்டேன். என் தப்பு.”

“நான் அடம்பிடிச்சேன்ல.”

“அடம்பிடிக்காதவங்க யாரு? பெட்ரோலை ஊத்தாம உக்காந்திருக்கணும் நான்.”

நாத்தனார் சிரிக்க முயன்றாள்; கண்தான் கலங்கியது. பிறகு அவளாகவே போய் வேனிலிருந்து டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் குனிந்து உட்கார்ந்தார்கள். இரண்டு காலிப்பருக்கும் சேர்த்துத் திரவம் தள்ள வேண்டுமே என்று அண்ணி பிடியோடு சேர்ந்த பம்பையும் எடுத்துவிட்டுப் பெரியதாக மாட்டினாள். நாத்தனார் பிடியை அழுத்தி அழுத்தி விட, குழாயில் இருந்த காற்றுக்குமிழிகள் வெளியேறின. பிடி கல்லாக இறுகியதும் அண்ணி தலையசைத்தாள்.

மாலைப் பந்தயம் பன்னிரண்டு சுற்று. வளைவுகளில் வண்டி கொஞ்சம் கனத்தது. நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டியிருப்பாள். ஆனால் எட்டாவது சுற்றுக்குமேல் முன்னால் போனவர்கள் பிரேக் சூடேறிவிட்டதால் முன்கூட்டியே பிடிக்க, இவள் ஒவ்வொருவராகத் தாண்டினாள். ஐந்தாவதாக வந்தாள்.

திரும்பும்போது வேனின் முன்சீட்டில் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“அடுத்த மாசம் எந்த டிராக்?” என்றாள் அண்ணி.

“சின்னது.”

“அப்ப ஒண்ணைக் கழட்டிடுவேன்.”

“இப்பதான் இது கை பழகுது அண்ணி” என்று இழுத்தாள் நாத்தனார்.

வீட்டுக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.