ஒன்பது முதல் பதினொன்று வரை

பழப்பண்ணையில் எல்லோரும் அவளைக் கிலோக்கா என்றே கூப்பிட்டார்கள். பறிக்கிற கொய்யாவை எடைபோட்டு நோட்டில் எழுதுவது அவள் வேலை. பஸ் ஓட்டுநரான கணவர்கூட ஒருநாள் வாய்தவறி, "கிலோக்கா, ஒரு டீ" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவளுடைய பதினெட்டாவது வருஷத்தில், புள்ளியியல் படித்த ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். தோட்டத்து ஆட்கள் அவளுக்குக் கணக்கு மேடம் என்று பெயர் வைத்தார்கள். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இருபத்துநாலு மரம், எல்லாம் ஒரே ரகம், ஒரே உரம். ஒவ்வொரு மரத்தையும் தனியாக எடைபோடச் சொன்னாள்.

"எல்லாம் ஒண்ணுதானே மேடம், எதுக்குத் தனித்தனியா?"

"ஒண்ணா இருக்கான்னு பாக்கத்தான்க்கா. நாளைக்கு ரெண்டு மரத்துல ஆளுக்கொரு உரம் போட்டா, வித்தியாசம் உரத்தால வந்துச்சா மரத்தால வந்துச்சான்னு தெரியாது. அதனால சில மரங்களைச் சேர்த்து, ஒரே உரம் போடுற ஒரு பிளாட்டா வைக்கணும். எத்தனை மரம்கிறதுதான் கேள்வி. குறைஞ்சா மரத்தோட வித்தியாசம் அடங்காது, கூடிப்போனா இடம் பத்தாது."

பெரிய பறிப்பு நடந்த அன்று, எட்டு வரிசை எடை முடிந்திருந்தது. அடுத்த மூன்று வரிசைப் பழமும் மரத்தடியில் குவிந்து கிடந்தது; கடைசி வரிசை மறுநாள் பறிப்புக்கு. அப்போது போன் வந்தது. தங்கைக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. கிலோக்காவுடைய ரத்தம்தான் பொருந்தும். மேஸ்திரி லீவில் இருந்தார். சாயங்காலம் லாரி வந்துவிடும். பழத்தை ஏற்றச் சொல்லிவிட்டு ஓடினாள்.

தங்கை பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஒவ்வொரு மரமாக நினைத்து, எழுபத்திரண்டு எடையையும் உத்தேசமாக எழுதினாள். அத்தனை வருஷம் பார்த்த மரங்கள், பெரிதாகத் தப்பாது என்று நினைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து மேடம் கூப்பிட்டாள். மேஜையில் வரைபடம் விரிந்திருந்தது.

"மத்த இடத்துல ஒன்பது கிலோ மரத்துக்குப் பக்கத்துலயே நாப்பது கிலோ மரம் நிக்குது. ஒன்பது, பத்து, பதினொண்ணு, இந்த மூணு வரிசை மட்டும் ரொம்பச் சமத்தா இருக்கு. இருபதுக்குக் கீழ ஒரு மரமும் இல்ல, இருபத்தேழுக்கு மேல ஒண்ணும் இல்ல. அங்க மண்ணு ஒரே சீரா இருக்குமோ?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். கிலோக்காவுக்கு அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல மேடம். அந்த மூணு வரிசையும் நான் எடை போடல."

நடந்ததைச் சொன்னாள். மேடம் திட்டவில்லை. பென்சிலை எடுத்து எழுபத்திரண்டு எண்ணையும் அடித்தாள்.

அந்த வரிசைகளோடு போட்ட கணக்கில் பிளாட்டுக்கு நாலு மரம் போதும் என்று வந்திருந்தது. அவற்றை நீக்கினால் ஆறு மரம் வேண்டும். அடுத்து நடக்கவிருந்த ரகச் சோதனையில் பத்து ரகத்தை ஏழாகக் குறைக்க வேண்டிய கட்டாயம். பண்ணை இயக்குநருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"மூணு வரிசைதானே, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

"எடையே போடாததை எப்படி சார் சேர்க்கிறது?" என்று மேடம் முடித்துவிட்டாள்.

கிலோக்காவுக்கு மெமோ வந்தது. ஒரு வருஷம் நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பினாள். அவள் இடத்துக்கு வந்தவர் நோட்டில் எழுதிய ஒன்றும் ஏழும் யாருக்கும் பிரித்துத் தெரியவில்லை. மேடம் இயக்குநரிடம் மூன்று தடவை போய் நின்று, அவளைத் திரும்பத் தராசடிக்குக் கூட்டி வந்தாள்.

ஆறு மரப் பிளாட்டில் ஏழு ரகச் சோதனை ஐந்து வருஷம் நடந்தது. இரண்டு ரகங்கள் தெளிவாக முந்தின. முடிவை வாசித்த கூட்டத்தில் இயக்குநர் பழைய கதையை எடுக்கவில்லை. கிலோக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மத்தியானப் பறிப்புக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனாள்.