உப்பளத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்

ஏரல் பேருந்துக்காக நின்றிருந்தபோது முத்துலட்சுமி கைபேசியில் அழைத்தாள். "யக்கா, நம்ம ரெஜினா சிஸ்டர் காலையில போயிட்டாவளாம்." வந்த பேருந்தில் நான் ஏறவில்லை.

தூத்துக்குடிக்கு வெளியே ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் ரெஜினா சிஸ்டரும் நானும் செவிலியர்களாக ஒன்றாக வேலை பார்த்தோம். அவருடைய ஊசிக்குப் பயந்தவர்கள், அதட்டலுக்குப் பயந்தவர்கள், அவரால் பிழைத்தவர்கள் என்று, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கும் அவரைத் தெரியும்.

முத்துலட்சுமி உப்பளத் தொழிலாளி. அப்போது ஒரு நாள் நடுக்கும் காய்ச்சலோடு அவளைத் தூக்கி வந்தார்கள். சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. அதற்கு முன்பே எரிச்சல் என்று பலமுறை வந்து மாத்திரை வாங்கிப் போனவள்தான். கூட வேலை செய்யும் பெண்களும் அப்படியே.

"ஏளா, தண்ணி குடிக்கியா இல்லியா?" என்று சிஸ்டர் அதட்டினார்.

"குடிச்சா ஒதுங்கணும்லா சிஸ்டர். அளத்துல ஒரு செடி மறைவு உண்டுமா? வீடு திரும்புற வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கோம்."

சிஸ்டர் அவளுக்கு ஊசியைப் போட்டு முடித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "மாத்திரைய மட்டும் குடுத்து அனுப்புனா நம்ம வேலையில பாதிதான் முடிஞ்சிருக்கு."

அடுத்த விடுமுறையில் உப்பளத்துக்கே போனார். நானும் கூடப் போனேன். மேற்பார்வையாளர் வழிமறித்தார். "ஒங்க வேல ஆஸ்பத்திரியிலல்லா சிஸ்டர்?"

"நோய் இங்கனதான உண்டாகுது அண்ணாச்சி? அதான் இங்கன வந்துருக்கேன்."

மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. வேறு ஊருக்குத் தூக்கியடித்துவிடுவார்களே என்றேன். சிஸ்டர் சிரித்தார். "அங்கனயும் பொம்பளையளுக்கு ஒண்ணுக்கு வரும்லா?"

பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். சிஸ்டர் பேசுவார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் முத்துலட்சுமியை முன்னால் தள்ளினார். "நான் சொன்னா அது புகாரு. நீ சொன்னா அது ஒன் ஒடம்பு. பேசு." தலை கவிழ்ந்தபடி தொடங்கிய முத்துலட்சுமி, முடிக்கும்போது அங்கிருந்த பெண் அதிகாரியின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அதிகாரி உப்பளத்துக்கு நேரில் வந்தார். கண் கூசும் வெயிலில் பாத்தி பாத்தியாக நடந்தார். பெண்கள் கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்தார். கடைசியில் மேற்பார்வையாளரிடம், "இங்க டாய்லெட் எங்க இருக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மனிதர் கடல் பக்கம் பார்த்தார், சாலைப் பக்கம் பார்த்தார். பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

கழிப்பறை எழுந்தது. கதவும் தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. திறந்த அன்று, நட்ட நடுப் பகலில், முத்துலட்சுமி ஒரு சொம்புத் தண்ணீரை எல்லோரும் பார்க்க அண்ணாந்து குடித்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். சிஸ்டரும் இட்டார், அவருக்குச் சுத்தமாக வரவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. அடுத்த மாதமே பக்கத்து அளத்துப் பெண்கள் மருத்துவமனை வாசலில் வந்து நின்றார்கள். "சிஸ்டர், எங்களுக்கு எப்ப?"

அவர்களுக்கும் கிடைத்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, எந்த நோயாளியிடமும் அவர் தவறாமல் கேட்ட ஒரு கேள்வி. சென்ற வாரம், இறால் உரிக்கும் பெண் ஒருத்தி விரல் தோலெல்லாம் வெந்து வந்தாள். மருந்து போட்டுவிட்டுக் கேட்டேன்: "ஒன்கூட வேல செய்யுதவளுகளுக்கும் இப்படி இருக்கா?"

நேற்று அவளோடு இறால் உரிக்கும் பெண்கள் எல்லோரும் மருத்துவமனை வாசலில் வந்து நின்றார்கள்.