சுந்தரேஸ்வரி வாங்கிய நோர்வேப் பதக்கம்

“தங்கச்சி, இனி இந்தக் கடையில உங்களுக்குச் சாமான் இல்லை.”

தங்கராசா சத்தம் போடவில்லை. ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அவருடைய மளிகைக்கடையில் சனிக்கிழமைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்ற கணக்கில், அறிவித்தல் வாசிப்பதுபோல நிதானமாகச் சொன்னார். சுந்தரேஸ்வரியின் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் இருந்தது.

“ஏன் அண்ணை?”

தங்கராசா கைத்தொலைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த படம். சாம்பல்நிறச் சேலையில் சுந்தரேஸ்வரி நிற்கிறாள். இடது தோளுக்குக் கீழே, நீல நாடாவில் ஒரு சிறிய சிலுவை தொங்குகிறது. நோர்வே அரசரின் விருது பெற்ற மயானப் பணியாளர் என்று கீழே ஜெர்மன் மொழியில் போட்டிருந்தார்கள்.

“சமாதானம் பேச வந்த நோர்வேக்காரன் எங்களை எந்த நிலையில விட்டிட்டுப் போனவன் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அவன்ர சிலுவையை நெஞ்சில குத்திக்கொண்டு பல்லைக் காட்டிறியள். உங்கட தம்பியை ஒருக்கால் யோசிச்சனீங்களோ?”

படத்தில் அவள் பல்லைக் காட்டவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நின்றாள். அதைச் சொல்லிப் பயனில்லை.

“என்ர தம்பியைப் பற்றி நீங்கள் கதைக்காதேங்கோ” என்று மட்டும் சொல்லி, முருங்கைக்காயை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஒரு பெண், அவளுடைய தோள் தன்னில் படாதபடி ஒதுங்கி வழிவிட்டாள்.

அவள் அந்தப் பதக்கத்தை வாங்கிய கதை நாலு வருடம் முந்தியே தொடங்கிவிட்டது.

சுந்தரேஸ்வரி ஜெர்மனிக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். அகதி முகாம், பிறகு ஹொட்டல்களில் அறை துப்புரவு, பிறகு ஒரு சலவைத் தொழிற்சாலை. நாற்பத்திரண்டாவது வயதில், எல்ப் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் சிறு நகரம் ஒன்றின் மயானத்தில் தோட்டவேலை கிடைத்தது. புல் வெட்டுவது, இலை கூட்டுவது, தவணை முடிந்த கல்லறைகளைப் பிரித்து நிலத்தை மட்டப்படுத்துவது. ஜெர்மனியில் கல்லறைக்கும் தவணை உண்டு. இருபது இருபத்தைந்து வருடம் போனால், உறவுக்காரர் புதுப்பிக்காவிட்டால், கல்லைத் தூக்கிவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவளுடைய கணவர் முருகேசு கோவிலில் கேட்பவர்களிடம் மனைவி பூங்காவில் வேலை செய்வதாகச் சொல்லிவைத்திருந்தார். எப்படியோ தெரிந்துகொண்டவர்கள் அவளை முதுகுக்குப் பின்னால் ‘சுடலைக்காரி’ என்றார்கள். அவளுக்கு அது காதில் விழாமலில்லை. செத்தவர்கள் இவர்களைவிட மேல், குறைந்தது வாயை மூடிக்கொண்டாவது கிடக்கிறார்கள் என்று முருகேசுவிடம் ஒருமுறை சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

மயானத்தின் பொறுப்பாளர் விட்கோப் என்பவர். அறுபது வயது, சுத்தமான சப்பாத்து, எதையும் விரலால் சுட்டிக் காட்டிச் சொல்லும் ஆள். இரண்டாயிரத்துப் பத்தொன்பது இலையுதிர் காலத்தில் ஒரு நாள், பின்மதிலோரம் இலைக்குப்பை குவிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆறு சீமெந்துத் தகடுகளைக் காட்டி, எடுத்துவிடச் சொன்னார். சாம்பல் கலசங்கள் புதைக்க அந்த இடம் தேவையாம். பழைய பதிவேட்டில் ‘வெளிநாட்டுத் தொழிலாளர், 1945’ என்று மட்டும் இருந்ததாம். கேட்க ஆளில்லாத கல்லறைகள்.

முதல் தகட்டின் பாசியைச் சுரண்டியபோது எழுத்துத் தெரிந்தது. தூர்லைஃப் என்று ஒரு பெயர். பிறந்த வருடம் 1921. பிறந்த இடம் பேர்கன்.

அவள் விட்கோப்பிடம் போய், “இது நோர்வேயில் இருக்கிற பேர்கனாக இருக்கலாம்” என்றாள்.

“பேர்கன் இங்கே ஜெர்மனியிலும், செல்லே நகரத்துப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் இலை கூட்ட வந்தவர், சரித்திரம் படிக்க அல்ல” என்றார் அவர்.

சுந்தரேஸ்வரிக்கு நோர்வேயின் பேர்கன் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. தங்கையின் மகள் பிரபாலினி அங்கேதான் பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் மொழி படிப்பிக்கிறாள். அன்றே தகட்டைப் படமெடுத்து அனுப்பினாள்.

எட்டு நாளில் பிரபாலினி தொலைபேசி எடுத்தாள்.

“பெரியம்மா, அந்த ஆள் இங்கத்தையான்தான். யுத்த நேரம் களவாய்ப் பேப்பர் அடிச்சதெண்டு நாசிகள் பிடிச்சு ஜெர்மனிக்குக் கொண்டு போனவங்கள். எங்க செத்தது, எங்க தாட்டது எண்டு ஒண்டும் எழுதியில்லை. அவற்ற தங்கச்சி இன்னும் உயிரோட இருக்கிறா. தொண்ணூற்றொரு வயசு.”

“நீ அவவைக் கண்டனியோ?”

“ஓம், முதியோர் இல்லத்தில போய்ப் பாத்தனான். படத்தைக் காட்டினன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்தா. பிறகு, ‘அந்தக் கல்லை ஆர் துடைச்சது?’ எண்டு கேட்டா.”

சுந்தரேஸ்வரி தொலைபேசியைக் காதில் வைத்தபடி சமையலறையில் நின்றாள். அவளுடைய தம்பி கீர்த்தனன் முள்ளிவாய்க்காலிலிருந்து கடைசியாகப் பேசியது இரண்டாயிரத்து ஒன்பது மே பதினாலாம் திகதி. “அக்கா, சனமெல்லாம் கடற்கரையில நிக்குது, பிறகு எடுக்கிறன்” என்றான். எடுக்கவில்லை. எங்கே விழுந்தான், யார் புதைத்தார்கள், புதைத்தார்களா, ஒன்றும் தெரியாது. கல்லைத் துடைத்தது யார் என்று கேட்பதற்கு அவளுக்கு ஒரு கல்லும் இல்லை.

மற்ற ஐந்து தகடுகளையும் சுரண்டினாள். இன்னும் நாலு பேர் நோர்வேக்காரர் என்று தெரிந்தது. ஆறாவது தகட்டில் இலக்கம் மட்டும்தான்.

விட்கோப் அதற்குள் நாள் குறித்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை சின்ன மண்வாரி இயந்திரம் பின்மதிலுக்கு வந்தது. சுந்தரேஸ்வரி தன் தள்ளுவண்டியைத் தகடுகளுக்கு முன்னால் குறுக்கே கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிகரெட் பற்றவைத்தான். விட்கோப் ஓடி வந்தார்.

“எழும்புங்கள். இது வேலை மறுப்பு.”

“மறுப்புத்தான். எழுதிக்கொள்ளுங்கள்.”

எழுதினார். எச்சரிக்கைக் கடிதம் இரண்டு பக்கத்தில் வந்தது. தோட்டவேலையிலிருந்து எடுத்து, பிரார்த்தனை மண்டபத்தின் கழிவறை கழுவப் போட்டார். கூட வேலை செய்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய மேசையில் இருப்பதை விட்டார்கள். அவள் கழிவறை கழுவினாள். இரண்டரை வருடம் விடாமல் கடிதங்களும் எழுதினாள்; முதல் கடிதத்தோடேயே, விசாரணை முடியும்வரை தகடுகளில் கை வைக்கக் கூடாது என்று நகரசபை சொல்லிவிட்டது. அவள் சொல்ல, பிரபாலினி நல்ல ஜெர்மன் மொழியில் திருத்திக் கொடுப்பாள். கடைசியில் போர்க் கல்லறைகளுக்குப் பொறுப்பான அரச அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, ஆறும் என்றைக்கும் அகற்றப்படக் கூடாத கல்லறைகள் என்று எழுத்தில் கொடுத்தார்கள். பேர்கன் கிழவி அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் கண்ணை மூடினாள்.

இருபத்து மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம் தூதரகக் கடிதம் வந்தது. நோர்வே அரசரின் தகுதி விருது, வீரர் நிலை. ஜெர்மன் மொழியில் ‘ரிட்டர்’ என்று இருந்தது.

“ரிட்டர் எண்டால் குதிரையில போறவன் எல்லோ?” என்றார் முருகேசு.

பிரபாலினி அந்த விருது வாங்கினவர்களின் பெயர்களை இணையத்தில் தேடிப் பார்த்தாள். “பெரியம்மா, நான் பாத்த அளவில முழுக்கக் கப்பல் முதலாளியளும் பேராசிரியர்மாரும் கௌரவத் தூதுவர்மாரும்தான். கக்கூஸ் கழுவினவை ஒருத்தரையும் காணேல்லை.”

சுந்தரேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. விருது கொடுக்கும் நாள் மே பதினேழு என்று போட்டிருந்தது. அது நோர்வேயின் தேசிய தினம். கொடியும் வாத்தியமுமாய்க் கொண்டாடும் நாள். அவளுக்கு அது தம்பியை எதிர்பார்த்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த நாள். அடுத்த நாள் எல்லாம் முடிந்துவிட்டதாகச் செய்தி சொன்னது.

தூதரக அதிகாரி ஹெக்லுண்ட் என்ற பெண்மணி அழைத்தபோது சுந்தரேஸ்வரி முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள்.

“மே பதினேழில் நான் வரமாட்டேன். இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த நாளில் நீங்கள் கொடி ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். சமாதானம் பேசுவதாக வந்து எங்களை மேசையில் இருத்தினவர்களும் நீங்கள்தான். என் தம்பி எங்கே கிடக்கிறான் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது.”

“வேறு நாள் குறித்துத் தரலாம்” என்றாள் அந்தப் பெண்மணி.

“வேறு நாளும் வேண்டாம். பதக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.”

அப்படியே விட்டிருப்பாள். அவளை மனம் மாற்றியது விட்கோப்தான். தூதரகத்துக்கு அவர் ஒரு கடிதம் போட்டிருந்தார். இந்தக் கல்லறைகளைக் காப்பாற்றியது நிர்வாகத்தின் கூட்டு முயற்சி. பணியாளர் வர விரும்பாவிட்டால் நிர்வாகத்தின் சார்பில் தானே விருதைப் பெற்றுக்கொள்ளத் தயார். ஹெக்லுண்ட் அதன் பிரதியை எந்த அபிப்பிராயமும் சொல்லாமல் சுந்தரேஸ்வரிக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு துண்டு: ஜூன் இரண்டாம் திகதி உங்களுக்கு வசதிப்படுமா?

“அவன் வாங்கிறதோ? என்ர கையை வெட்டினாலும் விடமாட்டன்” என்றாள் முருகேசுவிடம். அன்றே வருவதாக அறிவித்தாள்.

விழா நகரசபை மண்டபத்தில் நடந்தது. நகரபிதா அவளுடைய பெயரை மூன்று விதமாகச் சொன்னார். பிறகு விட்கோப் எழும்பி, எங்கள் நிர்வாகம் ஆரம்பத்திலிருந்தே இந்தக் கல்லறைகளின் பெறுமதியை உணர்ந்து என்று தொடங்கினார்.

சுந்தரேஸ்வரி இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்: “விட்கோப் அவர்களே, மண்வாரி அனுப்பினது எந்த மாதம் என்றும் சொல்லுங்கள். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது.”

விட்கோப் கையிலிருந்த தாளைப் பார்த்தார். நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஹெக்லுண்ட் பதக்கத்தைச் சேலையில் குத்திவிட்டாள். சுந்தரேஸ்வரி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து ஐந்து பெயர்களையும் வாசித்தாள். “ஆறாவது ஆளின் பெயர் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறோம்” என்று முடித்தாள். பல்லைக் கடித்தபடி நின்ற அந்தக் கணத்தில்தான் பத்திரிகைக்காரன் படமெடுத்தான்.

அந்தப் படம் வட்சப்பில் ஓடியது. தங்கராசாவின் கடை அவளுக்கு மூடிக்கொண்டது. துரோகி என்று எழுதினார்கள். அரசரின் எச்சில் என்றும் ஒருவன் எழுதினான். முருகேசு கோவிலுக்குப் போவதை நிறுத்தினார். “நீ வாங்காமல் விட்டிருக்கலாம். எனக்கு ஒருத்தற்ற முகத்திலயும் முழிக்க ஏலாது” என்று சொல்லிவிட்டு இரண்டு கிழமை அவளோடு பேசவில்லை. அவள் சமைத்து வைத்தாள். அவர் சாப்பிட்டார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மே பதினெட்டு. ஹம்பேர்க்கில் ஒரு சதுக்கத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுநாள். ஒவ்வொரு வருடமும் போகிறவள் அந்த வருடமும் போனாள், தனியாக, கீர்த்தனனின் சட்டமிட்ட படத்தோடு. பதக்கம் அலுமாரியில் இருந்தது. படங்கள் அடுக்கியிருந்த மேசைக்கு முன்னால், நினைவுநாளை நடத்தும் சங்கத்தின் சார்பில் தங்கராசா குறுக்கே வந்து நின்றார்.

“படத்தைத் தாங்கோ, வைக்கிறம். நீங்கள் நிக்கேலாது.”

“இவன் என்ர தம்பி.”

“இவன் மண்ணுக்காகச் செத்தவன். உங்கட வீட்டுச் சொத்தில்லை.”

“உங்கட சங்கத்தின்ர சொத்தும் இல்லை அண்ணை. கடைசி அழைப்பு எனக்குத்தான் எடுத்தவன், உங்களுக்கில்லை.”

தங்கராசாவின் மூத்த மகனின் படமும் அந்த மேசையில், முதல் வரிசையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் கண்டார். இருந்தும் அவர் அசையவில்லை. பின்னால் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தபடி நெருங்கி வந்தார்கள்.

படத்தை மேசையில் வைத்தாள். அந்த மகனின் படத்துக்குப் பக்கத்தில், இருந்த சிறு இடைவெளியில். பிறகு தெருவைக் கடந்து பேருந்துத் தரிப்பிடத்தில் போய் நின்றாள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. சுடரேற்றினார்கள், பெயர்கள் வாசித்தார்கள், கடைசி நாள்களில் சனம் குடித்த உப்புக்கஞ்சியின் நினைவாகக் கஞ்சி வார்த்தார்கள். கஞ்சியோடு ஒருவரும் தெருவைக் கடந்து வரவில்லை. இரண்டு மணித்தியாலம் நின்றாள். கூட்டம் கலைந்ததும் போய்ப் படத்தை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்தாள். தங்கராசா பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

விட்கோப் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்த பொறுப்பாளர் அவளைத் திரும்பத் தோட்டத்துக்கு எடுத்தார். பின்மதிலோரம் இப்போது ஆறு கருங்கற்கள் நிற்கின்றன. ஆறாவது கல் வெறுமையாக இருக்கிறது. மரக்கறிக்கு அவள் துருக்கிக்காரரின் கடைக்குப் போகிறாள். அங்கே முருங்கைக்காய் வருவதில்லை.

போன கிழமை முருகேசு மெல்லக் கேட்டார், இந்த மே பதினெட்டுக்கும் போகப் போகிறாளா என்று.

“ஓம். இந்த முறை தெருவுக்கு அங்கால நிக்கமாட்டன்.”