புகையறையில் காய்ந்த கட்டாக் கருவாடு

தோட்டத்து மாதர் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கியதற்கு ஒரே காரணம், என்னைவிடச் சத்தமாகப் பேச அங்கே ஆளில்லை என்பதுதான். நானோ அதை அறிவு என்று நினைத்துக்கொண்டேன். பெயர் வெள்ளையம்மா. நிறத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் பால் வெட்டுவது தொழில், குடியிருப்பு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்.

2006இல் சங்கங்களின் கூட்டம் ஒன்றில் கற்பிட்டி நூரியாவைச் சந்தித்தேன். அவளும் ஒரு தலைவி. அவளுடைய சங்கம் முழுக்கக் கரையில் மீன் காயவைக்கும் பெண்கள். காய்ந்ததையெல்லாம் ஒரே ஒரு முதலாளி, தான் வைத்த விலைக்கு அள்ளிக்கொண்டு போவாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க லயத்துல கருவாடு இல்லாம சோறு எறங்காது. எங்களுக்கே அனுப்புங்க, நாங்க வித்துத் தாரோம்" என்று மார்தட்டினேன்.

அந்த அப்பாவி என்னை நம்பி, முதலாளிக்கு இனிக் கருவாடு இல்லை என்று சொல்லிவிட்டாள். முதல் மூட்டைகள் விற்காவிட்டால், அத்தனை பேரும் மறுபடி அவர் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

தார்ப்பாய் கிழிந்த லொறியில் மூட்டைகள் வந்தன, கூடவே மழையும் வந்தது. பிரித்துப் பார்த்தால் கட்டா மீன் கருவாடு சொதசொதவென்று இருந்தது. "வெயில்ல ஒருக்கா விரிச்சுப் போடுங்க அக்கா" என்றாள் நூரியா ஃபோனில். விடாமல் கொட்டுகிற அடைமழையில் வெயிலுக்கு நான் எங்கே போவேன்? ஈரமானதைக் காயவைக்க எனக்குத் தெரிந்த ஒரே இடம், ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகைபோட்டுக் காயவைக்கிற புகையறை. அங்கே விறகு போடுகிறவர் என் வீட்டுக்காரர் பழனியாண்டி.

"இது சரியா வருமா?" என்றார்.

"சங்கத் தலைவி நானா, நீங்களா?" என்றேன்.

காலையில் திறந்தபோது கருவாடு ஷீட்டின் நிறத்தில் மினுமினுத்தது, ஷீட்டிலோ மீன் வாடை. பெக்டரி ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு தமிழிலும் சிங்களத்திலும் திட்டினார். நான் இரண்டிலும் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் சத்தமாக.

விஷயத்தைக் கேட்ட நூரியா பட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவளே பஸ் ஏறி வந்து நின்றாள். ஒரு துண்டைச் சுட்டுக் கொடுத்தேன். வாயில் வைத்ததுமே துப்பினாள்.

"என்ட அல்லாஹ்! டயர் நாத்தம் நாறுதே! இத ஆரு வாங்குவா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது எனக்கு.

அப்போது அடுத்த வீட்டு சுப்பம்மா வந்து மீதித் துண்டை எடுத்து மென்றாள். "நல்லாத்தானே இருக்கு? என்னா நாத்தம்?"

நானும் தின்று பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. விடிந்தால் பொழுதுபட்டால் பாலும் புகையுமாகக் கிடக்கிற எங்களுக்கு அதுவும் ஒரு வாடையா? பொழுது சாய்வதற்குள் லயத்துப் பெண்கள் காசு கொடுத்து வாங்கி மூட்டைகளைக் காலி செய்துவிட்டார்கள்.

எங்களுக்கு அந்த வாடை தெரியவில்லை என்பதில் நூரியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. என் கையை இழுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே தன் கையை என் மூக்கருகே நீட்டினாள்.

"என்ட கைல ஒண்டும் இல்லியே அக்கா?"

கற்பிட்டிக் கடற்கரை முழுவதும் அந்தக் கையில் இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினேன்.

"ஒண்ணுமே இல்லம்மா" என்றேன்.